டிக்கிக்குள் இருபத்தைந்து நிமிடம்

நாலு சப்வூஃபரையும் ஒரே சேனலில் போட்டால் அந்த ஆம்ப்ளிஃபையர் தாங்காது என்பது ஒக்கேஷ் உஸ்தாவுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அவர் பேச்சு எடுபடுகிற நாள் இல்லை. அன்று மாலை நாலரை மணி பஸ்ஸில் அவருடைய ஒரே மகன் செர்ஹான் கட்டாய ராணுவ சேவைக்காகப் பட்டாளத்துக்குப் போகிறான்.

ஒஸ்மானியே ஊரின் பட்டறைப் பேட்டையில் இருபத்தெட்டு வருஷமாகக் கார்களுக்குப் பாட்டு மாட்டிக் கொடுப்பவர் அவர்; கைத்தொழில் தேர்ந்தவரை அங்கே உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சந்தில் பாதிப் பேர் டிங்கர், மீதிப் பேர் பெயிண்டர். சத்தத்துக்கு என்று இருந்தது அவருடைய ஒரு கடைதான். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் சம்பளம் வாங்கின கையோடு வருவார்கள். "உஸ்தா, கண்ணாடி அதிரணும்" என்பார்கள். அவரும் அதிர வைத்து அனுப்புவார். செர்ஹான் மட்டும் அந்தக் கடைப்பக்கம் அதிகம் வந்ததில்லை. வேர்க்கடலை ஆலையில் வறுக்கிற பிரிவில் வேலை. வருவான், சாப்பிடுவான், தூங்குவான். வீட்டில் அவன் இருக்கிறானா இல்லையா என்பதையே வாசலில் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலை பத்து மணிக்கு புன்யாமின் தன் பழைய வெள்ளை ஷாஹின் காரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். செர்ஹானோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். வண்டியின் டிக்கியில் ஏற்கெனவே இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன; போன வருஷம் உஸ்தாவே மாட்டிக் கொடுத்தவை. இப்போது பின்னாலேயே இன்னொரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார்கள். ஒன்று கறுப்பு. இன்னொன்றின் விளிம்பில் பச்சை வளையம்.

"யாருதுடா இதெல்லாம்?"

"இரவல் உஸ்தா. ஒண்ணு என் மச்சானோடது, ஒண்ணு கறிக்கடை பையனோடது. நாலையும் சேத்துப் போட்டுக் குடுங்க. பக்கத்து ஊரு கதிர்லிப் பசங்களும் இதே பஸ்ஸுக்குத்தான் வர்றானுங்க. வேன் நிறையக் கட்டியிருக்கானுங்களாம். நாம ரெண்டே ரெண்டோட போயி நின்னா மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

உஸ்தா ஆம்ப்ளிஃபையரின் முதுகில் அச்சடித்திருந்த எழுத்தைக் காட்டினார். "படி. குறைஞ்சது ரெண்டு ஓம்னு போட்டிருக்கா? உன் பாக்ஸ் ஒவ்வொண்ணும் நாலு ஓம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டதுல ரெண்டுக்கு வந்தாச்சு. அதுதான் எல்லை. நாலையும் அப்படிப் போட்டா ஒரு ஓம்தான் மிஞ்சும்."

"கம்மியானா நல்லதுதானே?"

"டேய், ஒரு மோட்டார்ல ஒரு குழாயத் திறந்தா அது நிம்மதியா இறைக்கும். நாலு குழாயையும் ஒரே நேரத்துல திறந்துவிட்டா மோட்டார் கதி என்ன? அதேதான். சூடாகிப் படுத்துடும்."

"அப்ப வேற வழியே இல்லியா?"

"இருக்கு. ரெண்டு ரெண்டா சீரிஸ்ல போட்டு, அந்த ரெண்டு ஜோடியையும் பேரலல்ல சேத்தா நாலு ஓம் வரும். பத்திரமா ஓடும்."

"சத்தம்?"

"இப்ப ரெண்டுல எவ்வளவோ, அவ்வளவேதான்."

"அப்ப எதுக்கு உஸ்தா நாலு?"

"அதத்தாண்டா நானும் கேக்கறேன்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். புன்யாமினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உஸ்தா சொன்னபடியே ஜோடி ஜோடியாகக் கட்டினார். ஒன்றின் கறுப்பு முனையை அடுத்ததன் சிவப்பில் கோத்து, முறுக்கி, டேப் சுற்றி, பாட்டைப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. சந்தின் கடைசியில் இருந்த டிங்கர் தலையை நீட்டிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது. ஆனால் நாலு பெட்டியைக் கண்ணால் பார்த்த பையன்களுக்கு நாலு பெட்டிச் சத்தம் வேண்டியிருந்தது.

"இதுக்கு நாங்க கையத் தட்டிக்கிட்டே போயிடலாம் உஸ்தா" என்றான் ஒருவன்.

செர்ஹான் கவிழ்த்த ஆயில் டின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு என்று முந்தின நாள் உறவுக்காரப் பெண்கள் பாட்டுப் பாடி இட்ட மருதாணி அவன் வலது உள்ளங்கையில் காசளவு வட்டமாகச் சிவந்திருந்தது. அவன் எதுவும் சொல்ல மாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண்ணாடி கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்பா."

அவ்வளவுதான் சொன்னான். அவன் கடைசியாக வாய் திறந்து ஒன்று கேட்டது எப்போது என்று உஸ்தா யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. பள்ளியை நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினான். ஆலைக்குப் போகச் சொன்னபோது போனான். பட்டாளத்துக்குத் தாள் வந்தபோதும் மேஜைமேல் வைத்துவிட்டு, "வந்துடுச்சு" என்றான். இப்படிப்பட்டவன் வந்து கேட்கும்போது மீட்டரையும் ஓமையும் வைத்துக்கொண்டு எப்படி மறுப்பது?

டேப்பைப் பிரித்தார். நாலு சிவப்பையும் ஒன்றாக்கினார், நாலு கறுப்பையும் ஒன்றாக்கினார்.

"பாதிக்கு மேல ஏத்தக் கூடாது. பத்து நிமிஷம் ஓடினா பத்து நிமிஷம் ஆற விடணும். கேக்குதா?"

"கேக்குது உஸ்தா, கேக்குது!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். யாருக்கும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

*

மூன்று மணிக்குப் பதினொரு கார்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பின. செர்ஹானின் அம்மா ஸெலிஹா தன் தங்கைகளோடு பின்னால் ஒரு வண்டியில் வந்தாள். உஸ்தாவை அவள் தன்னோடு உட்காரச் சொன்னாள். "நான் அந்த ஆம்ப் பக்கத்துல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் ஷாஹினில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் பாதியைக் கழற்றியிருந்தார்கள். மீதிப் பாதியில் உட்கார்ந்து, டிக்கிக்குள் கையை விட்டபடி வந்தார்.

செர்ஹான் முன் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை எம்பி, கதவின் மேல் உட்கார்ந்திருந்தான். தோளில் கொடி. தெருவில் கடைக்காரர்கள் வெளியே வந்து கை அசைத்தார்கள். எதிரில் வந்த மினிபஸ் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். வெளியே போகும்போது யாராலும் கவனிக்கப்படாத அந்தப் பையனை அன்று ஊரே நிமிர்ந்து பார்த்தது. உள்ளிருந்து பார்த்தால் உஸ்தாவுக்கு அவனுடைய முழங்கால் மட்டும்தான் தெரிந்தது. அது பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு அடிக்கும் டேஷ்போர்டு விளக்கு மங்கி எரிந்தது. ஆம்ப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. சந்தையைத் தாண்டும்போது ரொட்டிக்கல் மாதிரி ஆகிவிட்டது.

"புன்யாமின், கொறைடா!"

"என்ன உஸ்தா?"

"கொறைங்கறேன்!"

அவன் குறைத்தான். அடுத்த திருப்பத்தில் ஜன்னலில் இருந்தவர்கள் கத்தினார்கள், மறுபடி ஏற்றினான். உஸ்தா எட்டிக் குமிழைத் திருப்பினார். அவன் சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தான். "இன்னும் ரெண்டு தெருதான் உஸ்தா, செல்லம் தாங்கும்!" என்று ஆம்ப்பைப் பிள்ளை மாதிரி கொஞ்சினான்.

அது பஸ் நிலையம் வரைக்கும் தாங்கியது.

அங்கே காலை வைக்க இடமில்லை. ஏழெட்டுப் பையன்களை வழியனுப்ப ஊர் ஊராக வந்திருந்தார்கள். ஒரு பக்கம் மேளமும் நாயனமும். இன்னொரு பக்கம் கதிர்லிக்காரர்களின் நீல வேன், பின்கதவு திறந்து, வரிசையாகப் பெட்டிகள். ஷாஹினைக் கொண்டுபோய் அதற்கு நேர் எதிரில் நிறுத்தினான் புன்யாமின். குமிழைக் கடைசி வரைக்கும் திருகினான். ஒரே ஒரு நிமிஷம் கதிர்லி வேன் வாயடைத்துப் போனது. செர்ஹானைத் தூக்கி வானத்தில் எறிந்து பிடித்தார்கள். "எங்க சிப்பாய்தான் சிப்பாய்!" என்று நூறு பேர் கத்தினார்கள்.

அப்போது ஷாஹின் ஊமையானது.

எதிர்ப்பக்கம் விசில் பறந்தது. "என்னப்பா, உங்க சிப்பாய் அதுக்குள்ள தூங்கிட்டாரா?" என்று ஒருவன் கத்தினான். "தாலாட்டுப் பாடுங்க!" என்றான் இன்னொருவன்.

"உஸ்தா! உஸ்தா, சீக்கிரம்!"

அவர் இறங்கி ஓடி டிக்கியைத் திறந்தார். ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. தொட முடியவில்லை. நிலையத்துக் கடிகாரம் நாலு ஐந்து காட்டியது. இருபத்தைந்து நிமிடம். போதும் என்று நினைத்தார். சட்டைப்பையில் கட்டர் இருந்தது, டேப் இருந்தது. ஒரு அட்டையை எடுத்து ஆம்ப்புக்கு விசிறிக்கொண்டே மற்றக் கையால் வயர்களைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் அவரை யாராவது பார்த்து, "விடுங்க, மகன்கிட்ட போயி நில்லுங்க" என்று சொல்லியிருந்தால் ஒருவேளை போயிருப்பார். யாரும் சொல்லவில்லை. சுற்றி நின்ற பையன்களெல்லாம் அவசரப்படுத்தினார்கள். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மகனுக்கு எதிரே போய் நின்று என்ன சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்தும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. வயர் என்றால் எதை எதோடு சேர்ப்பது என்றாவது தெரியும்.

ஜோடி ஜோடியாக மறுபடி சீரிஸில் கட்டினார். ஆம்ப் ஆறுவதற்குக் காத்திருந்தார். சிவப்பு அணைந்து பச்சை வந்தது. பாட்டைப் போட்டால் நாலில் இரண்டுதான் முனகின. மற்ற ஜோடி செத்துக் கிடந்தது.

"இதுவா சத்தம்?" என்று புன்யாமின் தலையில் கை வைத்தான். "எங்க மாமியார் குறட்டை இதவிட ஜாஸ்தி."

"உனக்கு ஏதுடா மாமியார்? மீட்டர எடு, முன்சீட்டுல பைல இருக்கு."

அப்போதுதான் அவர் தோளில் ஒரு கை விழுந்தது. அது தோளைத் தொடும் முன் ஓரக்கண்ணில் மருதாணிச் சிவப்பு தெரிந்தது.

"அப்பா."

"அஞ்சு நிமிஷம்டா."

"பரவால்லப்பா, விடுங்க. வாங்க."

"எது போயிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்னா முடிஞ்சிது. அஞ்சே நிமிஷம்." அவர் திரும்பவில்லை. வாயில் டேப் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு யாரோ வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். மேளக்காரன் இந்தப் பக்கம் வந்து அடிக்க ஆரம்பித்தான். செர்ஹானைத் தூக்குகிறார்கள் என்பது கூச்சலில் தெரிந்தது.

பச்சை வளையம் போட்ட பெட்டிக்குள் இருந்த கம்பிச் சுருள் எரிந்துபோயிருந்தது. மீட்டர் அசையவே இல்லை. சீரிஸில் ஒன்று போனால் கூட இருப்பதும் வாயை மூடிக்கொள்ளும்; அதனால்தான் ஜோடியே அடங்கிவிட்டது. எரிந்ததை அறுத்துத் தள்ளினார். சட்டென்று முடிவெடுத்து, பழைய இரண்டு பெட்டியை மட்டும் காலையில் இருந்தபடியே பேரலலில் கொண்டுவந்தார். எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பியாகிவிட்டது. 

உஸ்தாவுக்கு இடது காது மந்தம். இத்தனை வருஷம் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்ததில் வந்தது. பஸ் மூன்று முறை ஹாரன் அடித்ததும், பஸ்ஸின் உதவியாளன் செர்ஹானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், ஸெலிஹா "என்னங்க, என்னங்க!" என்று கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தியதும் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் அவருக்கு விழுந்தது.

"போடு!" என்றார்.

புன்யாமின் இல்லை. அவரே முன்பக்கம் போய்ப் போட்டார். வண்டி குலுங்கியது. கண்ணாடி அதிர்ந்தது. அவர் சிரித்தபடி நிமிர்ந்தார்.

எல்லோருடைய முதுகும் தெரிந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் வெளிவாசலைப் பார்த்து நின்றார்கள். முன்னால் ஸெலிஹா, கையில் காலிச் செம்பு. போனவன் நல்லபடி திரும்பி வரட்டும் என்று பஸ் போன தடத்தில் அவள் ஊற்றிய தண்ணீர் தார்ச்சாலையில் நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் பின்பக்கம் நெடுஞ்சாலையில் திரும்பி, கடலை மூட்டை ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்தது.

அவர் ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில், கையில் கட்டரோடு, வெளிவாசல் வரைக்கும் ஓடினார். அதற்கப்புறம் ஓடி என்ன ஆகப்போகிறது என்று கால்களே நின்றுவிட்டன.

சட்டைப்பையில் போன் துடித்தது. செர்ஹான்.

"மகனே! சொல்லுடா! எங்கடா இருக்க?"

மறுமுனையில் அவன் ஏதோ பேசினான். ஒரு வார்த்தை, பிறகு இன்னும் நாலைந்து. பேச்சின் இழுப்பு தெரிந்தது, சொல் தெரியவில்லை. பின்னால் ஷாஹின் இடித்துக்கொண்டிருந்தது. அதன் அடி ஒவ்வொன்றும் போனுக்கும் காதுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. வலது காதுக்கு மாற்றினார். மறு காதைப் பொத்திக்கொண்டார்.

"அத நிறுத்துங்கடா! டேய், நிறுத்துங்கடா அத!"

யாருக்குக் கேட்கும்? பையன்கள் கை கோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு வந்துவிட்ட சந்தோஷம் அவர்களுக்கு. ஒருவன் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தி, "கலக்கிட்டீங்க உஸ்தா!" என்று காட்டினான்.

டீக்கடைக்குப் பின்னால், கழிப்பறைச் சுவர் ஓரமாக ஓடினார். "இப்ப சொல்லு. செர்ஹான்? இப்ப சொல்லுப்பா." போன் மௌனமாக இருந்தது. எடுத்துப் பார்த்தார். எப்போதோ துண்டித்திருந்தது. திரும்ப அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல். பஸ் மலைச்சுரங்கப் பாதைக்குள் போயிருக்கும். எட்டு முறை அழைத்தார். எட்டு முறையும் அதே பெண்தான் பேசினாள்.

*

வீட்டுக்குப் போகும்போது அவர் ஸெலிஹாவின் வண்டியில் ஏறிக்கொண்டார். அவள் செம்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னாள்.

"படியில ஏறி நின்னுட்டுத் தேடினான். அப்பா எங்கன்னு கேட்டான். வந்துக்கிட்டிருக்கார்னு சொன்னேன்."

"நீ வந்து கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"கூப்பிட்டேங்க" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கும் பதிலுக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும்.

முகாமில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகாம் போனில் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் ஞாயிறு ஸெலிஹா அழுததிலேயே மூன்று நிமிடமும் கழிந்தது. இரண்டாவது ஞாயிறு அவரிடம் கொடுத்தாள். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில் அதைக் கேட்டார்.

"அன்னைக்கு பஸ்ஸுலேருந்து பேசினியே. என்ன சொன்ன?"

"எப்ப?"

"கிளம்பின உடனே. எனக்குச் சரியா கேக்கல."

 "ஞாபகமில்லப்பா. சும்மாத்தான் பேசியிருப்பேன்."

நிஜமாகவே மறந்துவிட்டானா, அப்பா மனசு நோகக்கூடாது என்று சொல்கிறானா? குரலிலிருந்து கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. எந்தக் காரிலும் எந்த மூலையில் எது தளர்ந்து கிரீச்சிடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர் அவர்.

நடுவில் புன்யாமின் ஒருமுறை கடைக்கு வந்தான். எரிந்த பெட்டிக்குக் கறிக்கடைப் பையன் சண்டை போடுகிறான் என்றான். வாசலிலேயே நின்றுகொண்டு, "அன்னைக்கு நான் கொறைச்சிருக்கணும் உஸ்தா" என்றான். "நான் மாட்டிக் குடுத்திருக்கக் கூடாது" என்றார் அவர். பிறகு இருவரும் தேநீர் குடித்தார்கள். 

ஐந்தாவது ஞாயிறு சீட்டுக் குலுக்கல் முடிந்திருந்தது. பயிற்சி முடிந்து யார் எங்கே போவது என்பது அந்தச் சீட்டில்தான். அதற்கு முந்தின இரவெல்லாம் ஸெலிஹா தொழுகை விரிப்பிலேயே இருந்தாள். போன் அடித்ததும் அவரைத்தான் எடுக்கச் சொன்னாள்; அவளால் கையை நீட்ட முடியவில்லை.

"எங்கடா விழுந்துது?"

"ஹக்காரிப்பா."

மலை. எல்லை. சிப்பாய்கள் சண்டையில் சாகிற, குளிர்காலம் தொடங்கும்போதே பனி இடுப்பளவு வரும் இடம். தொலைக்காட்சியில் அந்தப் பெயர் வந்தாலே தெருவில் எல்லா வீட்டிலும் பேச்சு நின்றுவிடும்.  யாரிடம் போய் முறையிடுவது? எதைப் பிரித்து எதோடு சேர்த்தால் இது மாறும்?

"குளிரும்" என்றார்.

"ஆமாப்பா."

"உள்சட்டை ரெண்டு போட்டுக்க."

"சரிப்பா."

"நான் சாக்ஸ் அனுப்பறேன். கம்பளி."

மறுநாள் கடையைத் திறக்காமல் சந்தைக்குப் போனார். கம்பளிச் சாக்ஸ் விற்கிறவர் தடிமனான வெள்ளாட்டு மயிர்ச் சாக்ஸாகப் பார்த்து எடுத்துப் போட்டுவிட்டு, "எத்தனாம் நம்பர்?" என்று கேட்டார். உஸ்தாவுக்குத் தெரியவில்லை. நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா, அதற்கும் மேலா? இருபது வருஷம் வாசலில் அந்தச் செருப்பைத் தாண்டித் தாண்டித்தான் வீட்டுக்குள் போயிருக்கிறார். ஸெலிஹாவுக்குப் போன் போட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கேட்கக் கூச்சமாக இருந்தது.

"எல்லாத்துலயும் ஒரு ஜோடி குடுங்க" என்றார்.

ஹக்காரிக்குப் பார்சல் போய்ச் சேரப் பதினெட்டு நாள் ஆனது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை லைனில் காற்று ஊளையிட்டது.

"சாக்ஸ் வந்துதுப்பா."

"சரியா இருந்துதா?"

"எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கறேன். இங்க அப்படித்தான் போடணும்."

எந்த நம்பர் சரியாக இருந்தது என்று கேட்பதற்குள் மூன்று நிமிடம் தீர்ந்துவிட்டது.